மேன்ஷன் அறையும் மெஸ் சாப்பாடும்: திருவல்லிக்கேணியில் 250 ரூபாய்க்குள் ஒழுங்காகச் சாப்பிட முடியுமா?

மேன்ஷன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் பெல்ஸ் சாலையை ஒட்டிய ஒரு மேன்ஷனில் (தனி ஆண்களுக்கு அறை வாடகைக்கு விடும் விடுதி) தங்கியிருக்கிறேன். வேலை அண்ணா சாலையில். அறையில் அடுப்பு மூட்டக் கூடாது. வெந்நீர் வைக்கும் மின்கெட்டிலைப் பார்த்தால்கூட மேலாளர் முகம் கோணுகிறது. ஆகவே மூன்று வேளையும் வெளியில்தான். நாளொன்றுக்கு 250 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை.

சென்னைக்கு வந்த பிறகு இடுப்பு பெருத்துவிட்டது. மதியம் மூன்று மணிக்குக் கண் சொக்குகிறது. சமீபத்திய இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் மருத்துவர். "வெளிச்சாப்பாட்டை நிறுத்துங்கள்" என்று ஒரே வரியில் முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நிறுத்திவிட்டு எதைச் சாப்பிடுவது என்பதற்கு மருந்துச் சீட்டில் பதில் இல்லை.

பெட்டியில் அடைத்து வரும் காய்கறி சாலட்டை யாரும் பரிந்துரைக்க வேண்டாம், ஒரு பெட்டியின் விலையில் எனக்கு ஒரு நாள் கழிந்துவிடும். தெருமுனையில் இருக்கும் சின்ன மெஸ்களிலேயே சாப்பிட்டு உடம்பையும் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டா? முழுச் சாப்பாடு நல்லதா, அளவுச் சாப்பாடு நல்லதா? இரவுக்கு என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

எதிர்வாதி:
முடியாது. இழையை மூடிவிடலாம்.

ரசப்பிரியை:
@எதிர்வாதி, உங்களுக்கு எந்த இழையைத்தான் திறந்து வைக்கப் பிடித்திருக்கிறது!

தம்பி, முதலில் இரவுப் பரோட்டாவை விட்டுவிடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

கல்லாப்பெட்டி:
என் அப்பா இதே திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்தியவர். பள்ளி விடுமுறையெல்லாம் எனக்குக் கல்லாவிலும் இலைக்கட்டுக்குப் பக்கத்திலும்தான் கழிந்தது. கடையை மூடி வெகு காலமாகிவிட்டாலும் அடுக்களைக் கணக்கு மறக்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சின்ன மெஸ்ஸின் அடுக்களை ஒரு நாளில் ஒரே ஒரு முறைதான் முழுமூச்சாக இயங்கும். விடியற்காலையில் காய் நறுக்கத் தொடங்கினால் பதினொன்றரைக்குள் சாம்பார், கூட்டு, பொரியல், ரசம் எல்லாம் அடுப்பிலிருந்து இறங்கிவிடும். சோற்றை மட்டும் கூட்டத்தைப் பார்த்து அடுத்தடுத்து வடிப்பார்கள். ஆகவே பன்னிரண்டு மணிக்கு உட்காருகிறவரின் இலையும் இரண்டரை மணிக்கு உட்காருகிறவரின் இலையும் ஒன்றல்ல. இரண்டு மணிக்கு மேல் பொரியல் தீர்ந்துவிட்டால் திரும்பவும் பீன்ஸ் நறுக்க ஆளிருக்காது. உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலை உரித்து மசாலாவில் புரட்டி அனுப்பிவிடுவார்கள். சாம்பார் குறைந்தால் வெந்நீர் சேரும், உப்பும் தூளும் சேரும், பருப்பு சேராது. விலை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். அலுவலகத்தில் கேட்டு உணவு நேரத்தை முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத முதல் மருந்து அது.

அடுத்தது, பரிமாறுகிறவரின் கரண்டியைக் கவனியுங்கள். சாம்பார் வாளியில் காயும் பருப்பும் அடியில் தங்கும். பந்தி வேகத்தில் ஓடும்போது மேலாகத்தான் மொண்டு ஊற்றுவார். "அண்ணே, அடியில் விட்டுக் காயாக ஒரு கரண்டி" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு முருங்கைத்துண்டும் நாலைந்து கத்தரிக்காயும் இலைக்கு வந்து சேரும். ரசத்துக்கு இதற்கு நேர்மாறு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தெளிவாகக் கேட்டு வாங்கலாம், மண்டியில்தான் மிளகுத்தூளும் காரமும் உட்கார்ந்திருக்கும்.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது வாசலில் இருக்கும் கரும்பலகையை. அதில் ஐந்தாறு வரிக்கு மேல் இல்லை என்றால் உள்ளே போகலாம். அன்று வாங்கியது அன்றே தீர்கிற கடை அது. இருபது பேர் உட்காரும் இடத்தில் பிரைடு ரைஸ், நான், பன்னீர், தோசையில் இருபது வகை என்று எழுதியிருந்தால் எல்லாம் எங்கேயோ உறைந்து கிடக்கிறது என்று பொருள். பிறகு மேசை துடைக்கும் துணி. அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும்.

மேன்ஷன்வாசி:
@கல்லாப்பெட்டி, மிக்க நன்றி அண்ணா. நான் இதுவரை இரண்டு மணிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். தினமும் உருளைக்கிழங்கு வருவதன் காரணம் இப்போதுதான் புரிகிறது!

எதிர்வாதி:
சரி, ஒரு வரியில் சொன்னால் கோபம் வருகிறது, கணக்காகவே சொல்கிறேன்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கொஞ்சம் கொட்டை வகை. இதைக் கொண்டுபோய் மெஸ் இலைக்குப் பக்கத்தில் வையுங்கள். சோறு மலைபோல் குவிகிறது. பொரியல் இலையின் மேல் ஓரத்தில் ஒரு கைப்பிடி. கீரை வாரத்தில் ஒருநாள் வந்தால் அதிசயம். அப்பளம் பாமாயிலில் குளித்து வருகிறது. 400 கிராம் காய் எங்கே இருக்கிறது? அடியில் விட்டு மொண்டாலும் வராது.

"அந்தக் காலத்து மெஸ், வீட்டுச் சாப்பாடு மாதிரி" என்று எல்லோரும் உருகுகிறீர்கள். நம் வீட்டுச் சாப்பாடே சோறு அதிகம், காய் குறைவு என்னும் சாப்பாடுதான். அதையே பார்த்துச் செய்தால் என்ன வரும்?

சத்துக்கணக்கு:
உணவியல் படித்து மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எதிர்வாதி தந்த அளவுகள் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. 250 கிராம் தானியம் என்பது சமைப்பதற்கு முந்தைய எடை. அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்கு கனக்கும். மதியத்துக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் இலையில் 250 முதல் 300 கிராம் சோறு இருக்கலாம். அளவுச் சாப்பாட்டில் வைக்கும் சோறு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே தம்பிக்கு அளவுச் சாப்பாடு. முழுச் சாப்பாடு எடுத்தால், கொடுத்த காசுக்கு ஈடுகட்ட வேண்டும் என்று மோருக்கும் ஒரு தடவை சோறு வாங்கத் தோன்றும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்தக் கடைசிச் சோறுதான் மூன்று மணித் தூக்கம்.

முழுச் சாப்பாட்டுக்கும் அளவுச் சாப்பாட்டுக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தில் ஒரு பொரியலோ கூட்டோ தனியாக வாங்கிவிடலாம். தனி விலை பலகையில் இருக்காது, கேட்டால் கொடுப்பார்கள். அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் ஒரு அவித்த முட்டை அல்லது ஆம்லெட்.

இலையில் உட்கார்ந்ததும் சோற்றைக் கிளறத் தொடங்காமல், பொரியலையும் கூட்டையும் முதலில் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிடுங்கள். பிறகு சாம்பார்ச் சோறு. காயும் பருப்பும் முன்னால் போய்ச் சேர்ந்தால், உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நாலு சுற்றுக்கும் சோறு போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை. ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடியுங்கள். மோரும் அப்படியே. வத்தக்குழம்பை ஆசைக்கு ஒரு கரண்டியோடு நிறுத்தினால் எண்ணெயும் உப்பும் குறையும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். மெஸ்ஸில் ஊறுகாய், அப்பளம், குழம்பு மூன்றையும் ஒருசேர எடுத்தால் அந்த எல்லை ஒரே வேளையில் தெரிந்துவிடும்.

புழுங்கலரிசிச் சோறு போடும் கடை கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

ஒரு கேள்வி: உங்கள் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எவ்வளவு? 5.7 முதல் 6.4 வரை என்றால் எல்லைக்கோடு. உணவாலும் நடையாலும் திருப்பிவிட வாய்ப்புள்ள கட்டம் இது. அலட்சியம் வேண்டாம், மருத்துவரிடமும் தொடர்ந்து போய்வாருங்கள்.

மேன்ஷன்வாசி:
5.9 அக்கா.

சத்துக்கணக்கு:
நல்லது. மெரினா உங்களுக்கு நடக்கும் தூரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கே நடங்கள். திரும்பும்போது பஜ்ஜிக் கடைப் பக்கம் பார்க்காமல் வாருங்கள், சுண்டலை நான் தடுக்கமாட்டேன்.

வைகைக்கரை:
மதுரைக்காரன், பத்தாண்டாகச் சென்னைவாசி. எல்லோரும் சைவ மெஸ்ஸையே பேசுகிறீர்கள். மீன் குழம்புச் சாப்பாட்டில் பிடிக்க வேண்டிய சங்கதி வேறு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் முட்டையிடும் காலத் தடை. அந்த நாட்களில் ஒரு சின்ன மெஸ்ஸில் பெரிய வஞ்சிரத் துண்டு குறைந்த விலையில் வறுத்து வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். வெளியிலிருந்து ஐஸில் வந்த மீனாகத்தான் இருக்கும். நாட்டுப் படகுக்காரர்கள் கரையோரத்தில் அப்போதும் வலை போடுவார்கள். மத்தி, நெத்திலி, காரப்பொடி மாதிரிச் சின்ன மீன் வரும். விலையும் குறைவு, சத்திலும் வஞ்சிரத்துக்கு இளைத்ததல்ல. கல்லாவில் இருப்பவரிடம் "இன்றைக்கு என்ன மீன்?" என்று மட்டும் கேளுங்கள். மீன் பெயரைப் பட்டென்று சொல்பவரின் கடையில் சாப்பிடலாம். "எல்லா மீனும் இருக்கிறது" என்பவரிடம் ரசம் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

வறுவலைவிடக் குழம்பு மீன் நல்லது. வறுக்கும் எண்ணெயின் வயது நமக்குத் தெரியாது.

எதிர்வாதி:
@வைகைக்கரை, எண்ணெயின் வயதுக்கு விதி இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி நடப்பில் உள்ளது. எந்தத் தெருமுனைக் கடை அதை அளந்து பார்க்கிறது?

கல்லாப்பெட்டி:
கருவி வைத்து அளக்கும் சின்னக் கடையை நானும் கண்டதில்லை. கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். வாணலி ஓரத்தில் நுரை அடங்காமல் நின்றால், எண்ணெய் தேன் நிறத்தைத் தாண்டிக் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால், அன்றைக்கு வடை வேண்டாம். காலை வடைக்கு ஊற்றிய எண்ணெயிலேயே மதியம் அப்பளமும் மாலையில் பஜ்ஜியும் போடுவது வழக்கம். ஆகவே வடை ஆசை வந்தால் காலையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

புளியோதரை:
எல்லோரும் மறந்த கேள்வி ஒன்று. மெஸ் சோற்றில் சோடா உப்புப் போடுகிறார்கள், அதனால்தான் கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு கல் போல ஆகிவிடுகிறது என்று எங்கள் மேன்ஷன் முழுக்கப் பேச்சு. உண்மையா?

கல்லாப்பெட்டி:
விடுதிகளில் தலைமுறை தலைமுறையாக நடமாடும் கதை. எங்கள் கடையில் சோற்றுக்குப் போட்டதில்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் நான் ஜாமீன் நிற்க முடியாது. ஆனால் பருப்பும் கொண்டைக்கடலையும் சீக்கிரம் வேக ஒரு சிட்டிகை போடும் சமையல்காரர்களை அறிவேன். காரணம் எரிவாயு. கடைகள் வாங்க வேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர், வீட்டு சிலிண்டருக்கு உள்ள சலுகை இதற்குக் கிடையாது. பருப்பு கால் மணி முன்னால் வெந்தால் முதலாளிக்கு மிச்சம்.

வயிறு கல்லாவதற்குச் சோற்றை அரை வேக்காட்டில் இறக்கி, ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு எழுவதே போதும். பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆள் நிற்கும்போது யார் மென்று சாப்பிடுவார்?

சத்துக்கணக்கு:
பருப்பில் சோடா போட்டால் தயாமின் என்னும் பி1 வைட்டமின் பெருமளவு கெட்டுவிடும். சோடா உண்டாக்கும் காரச் (அல்கலைன்) சூழலில் அது நிற்காது. சோடியமும் கூடும். சுவையில் கண்டுபிடிக்கலாம். பருப்பு கூழாகி லேசான சோப்பு வாடை வந்தால் அதுதான்.

தூக்குவாளி:
நான் இராயப்பேட்டையில் பெண்கள் விடுதியில் இருக்கிறேன். இங்கே எழுதுகிறவர்கள் பலரும் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மேன்ஷன் பகுதி மெஸ்களில் மதியம் ஒரு மணிக்கு ஒரு பெண் தனியாக நுழைந்தால் பரிமாறுகிறவர் முதற்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். தொந்தரவு என்று சொல்ல முடியாது, நிம்மதி என்றும் சொல்ல முடியாது. மூலையில் சுவரைப் பார்த்த மேசையாகத் தேடி உட்காருவோம். எதிரில் நான்கு ஆண்கள் வந்து உட்கார்ந்தால் இரண்டாவது முறை பொரியல் கேட்கவே தயக்கமாக இருக்கும். "அடியில் விட்டுக் காயாக ஒரு கரண்டி" என்று உரிமையோடு கேட்பதெல்லாம் உங்களுக்குச் சுலபம் அண்ணா.

மயிலாப்பூர்ப் பக்கம் கற்பகாம்பாள் மெஸ், ராயர் கபே போன்ற இடங்களில் குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிகம், அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தினமும் மயிலாப்பூருக்கு யார் போவது?

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வழி கண்டோம். அடுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு ஒருத்தி போவாள். இரண்டு அளவுச் சாப்பாடு, கூடுதலாக இரண்டு கூட்டு, ஒரு கீரை. மூன்று பேரும் விடுதியில் பகிர்ந்துகொள்வோம். சோறு தேவைக்குச் சரியாக இருக்கிறது, காய் தாராளமாக இருக்கிறது, செலவும் மூன்று சாப்பாட்டைவிடக் குறைவு. எவர்சில்வர் தூக்கில் வாங்குவதால் கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித்தரும் கொடுமையும் இல்லை. ஒரு முறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கடைகளுக்கு அது பலகையில்தான் தெரிகிறது.

ரசப்பிரியை:
@தூக்குவாளி, இந்த இழையிலேயே உருப்படியான யோசனை இதுதான். கல்லாப்பெட்டி கோபித்துக்கொள்ளக் கூடாது.

கல்லாப்பெட்டி:
கோபமில்லை அம்மா. தூக்கோடு வருபவருக்கு எங்கள் அப்பா ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார். பார்சல் உறை, நூல், இலைத்துண்டு எல்லாம் அவருக்கு மிச்சமாயிற்றே.

வைகைக்கரை:
கைப்பேசிச் செயலியில் வரவழைத்தால் என்ன என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கமிஷனைச் சரிக்கட்டச் செயலியில் விலையைக் கூட்டி வைத்திருப்பார்கள், அதற்கு மேல் கொண்டுவரும் கட்டணம். 90 ரூபாய்ச் சாப்பாடு அறைக்கு வரும்போது 150 ஆகியிருக்கும், பொரியல் பாதியாகியிருக்கும். இரண்டு தெரு நடக்கச் சோம்பலா?

புளியோதரை:
பில்லைப் பற்றியும் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு கடை (பெயர் வேண்டாம்) 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்று சேர்த்து வாங்குகிறது. பில்லில் எண் எதுவும் இல்லை. கேட்டால் "எல்லா ஓட்டலிலும் இப்படித்தான்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
வரி வாங்கும் கடையின் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தே ஆக வேண்டும். பல சின்னக் கடைகள் இணக்க வரித் திட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் தங்கள் விற்பனையிலிருந்து தாங்களே வரி கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை, வசூலிக்கவும் உரிமையில்லை. எண் இல்லாமல் வரி கேட்டால் கொடுக்காதீர்கள். சுவரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் மாட்டியிருக்க வேண்டும், போகிறபோது அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எதிர்வாதி:
தூக்குவாளியின் கணக்கு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தக்காளி விலை ஏறினால் உங்கள் தாராளக் கூட்டெல்லாம் என்ன ஆகும்? 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்ற நேரத்தில் மெஸ் ரசத்தைக் குடித்துப் பார்த்தீர்களா? வெறும் புளித்தண்ணீர்.

கல்லாப்பெட்டி:
உண்மைதான். காய் விலை ஏறினால் சாப்பாட்டு விலையை உடனே ஏற்ற முடியாது, இரண்டு ரூபாய் கூட்டினாலே எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். கோயம்பேட்டில் விலை ஏறுகிற நாளில் மலிவான காய் எது என்று பார்த்து அதைத்தான் வாங்குவார்கள். முட்டைக்கோஸ், பூசணி, சுரைக்காய், முள்ளங்கி. இந்த நாலும் தொடர்ந்து வந்தால் முகம் சுளிக்காதீர்கள். சர்க்கரை எல்லையில் நிற்பவருக்கு உருளைக்கிழங்கைவிடச் சுரைக்காய்க் கூட்டு ஆயிரம் பங்கு மேல். கீரை அரிதாக வருவதற்கு விலை காரணமில்லை. ஆய்வதற்கும் மண் போக அலசுவதற்கும் ஆள் கூலி கட்டாது.

சத்துக்கணக்கு:
தம்பியின் 250 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம். காலை 50: மூன்று இட்லி, சாம்பார் நிறைய, சட்னி அளவாக. பொங்கல்-வடை ஞாயிற்றுக்கிழமைக்கு. மதியம் 100: அளவுச் சாப்பாடு, தனியாக ஒரு கூட்டு. இரவு 60: இரண்டு சப்பாத்தியும் பருப்பும், அல்லது ஆம்லெட்டோடு ஒரு தோசை. மீதி 40 ரூபாய்க்கு ஜாம் பஜாரில் கொய்யாவும் வெள்ளரிக்காயும் வேர்க்கடலையும். வெள்ளரிக்காய்க்கு மேன்ஷன் மேலாளரின் அனுமதி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மாதக் கடைசியில் கை வறண்டால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது வைத்த இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்ற விலையை யாராலும் வெல்ல முடியாது. இரவில் சப்பாத்தி. காய் அங்கே குறைவு, அதை உங்கள் வெள்ளரிக்காய் ஈடுகட்டும்.

மேன்ஷன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் மேலதிகாரியிடம் பேசி உணவு நேரத்தைப் பன்னிரண்டே காலுக்கு மாற்றிக்கொண்டேன். அதே மெஸ், அதே மேசை. பீன்ஸ் பொரியல் வந்தது, சௌசௌ கூட்டு வந்தது. இத்தனை நாள் இவை இந்தக் கடையில் சமைக்கப்படுவதே எனக்குத் தெரியாது. அடியில் விட்டு மொண்டு ஊற்றச் சொன்னதும் பரிமாறுகிறவர் "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று சிரித்துவிட்டு இரண்டு கரண்டி போட்டார். ரசம் தம்ளரில் கேட்டதற்குத்தான் பக்கத்து இலைக்காரர் வேடிக்கை பார்த்தார்.

அப்பளத்தை மட்டும் விட முடியவில்லை. பாதி உடைத்துச் சாப்பிடுகிறேன்.

ஒரு சிக்கல். ஞாயிறு இரவு எங்கள் தெருவில் மூன்று மெஸ்ஸும் மூடியிருக்கின்றன. பரோட்டாக் கடை மட்டும் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறது.

வைகைக்கரை:
காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிச் சாப்பிட்டால் இரவுக்குப் பழம் போதுமே.

கல்லாப்பெட்டி:
ஞாயிறு இரவு சமையல்காரருக்கு ஓய்வு, அதைக் குறை சொல்ல முடியாது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் ரத்னா கபேக்குப் போங்கள். 1948 முதல் இருக்கிற கடை. சாம்பார் இட்லி.

எதிர்வாதி:
சர்க்கரை எல்லையில் நிற்பவருக்குச் சாம்பாரில் மிதக்கும் இட்லியா?

சத்துக்கணக்கு:
இரண்டு இட்லியோடு நிறுத்தினால் நான் ஆட்சேபிக்கமாட்டேன். சாம்பாரை அவர்களே வாளியோடு வந்து திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள், அதைக் குடியுங்கள் தம்பி. நெய் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.